மீட்கப்பட்டவர்களுக்கான வாசகம்

சஃப்ரில் உள்ளே நுழைந்தபோது கப்பல் அலுவலகத்தில் ஒரு தொலைபேசியும் ஓயவில்லை.

கூப்பிட்ட சூட்டோடு அவன் வந்து நின்றது மேலாளர் தர்வினுக்கு ஆச்சரியம்.

"பக்கத்துலயே இருந்தியா?"

"வெளிய கேட்டுப் பக்கந்தான் நின்னுட்டிருந்தேன் சார்."

"நீயுமா? அங்க நிக்குற கூட்டத்துல பாதி வேடிக்கை பாக்க வந்ததுதான்போல" என்றார் தர்வின். அவர் முகம் மழிக்கப்படாமல் கிடந்தது.

கெண்டாரித் துறைமுகத்திலிருந்து தீவுக்குப் போன கப்பல் கவிழ்ந்து அது மூன்றாம் நாள். சஃப்ரில் அந்த அலுவலகத்து ஆள் இல்லை. டிக்கெட் விற்கும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவன். பழுதானால் மட்டும் வந்துபோவான்.

தர்வின் வேலையைச் சொன்னார். மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர்கள் பயணிகள் தரவில் ஒவ்வொருவர் நிலையையும் மாற்றுவார்கள். மாற்றியதும், டிக்கெட் எடுத்தவர் கொடுத்திருந்த முகவரிக்கு சர்வரே மெயில் அனுப்பிவிட வேண்டும். இங்கே யாரும் கை வைக்கத் தேவையிருக்கக் கூடாது.

தொலைபேசிகளுக்கு நடுவே இருந்த ஹஸ்னியா தலையைத் தூக்கினாள். இன்னும் தகவல் இல்லை, இன்னும் தகவல் இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்குக் குரலே போயிருந்தது.

"சாவுச் சேதிய மெஷினா சார் சொல்லணும்?"

"அப்ப நீ சொல்லு. தொண்டையில சத்தம் இருக்கா?"

அவள் மறுபடி ரிசீவரை எடுத்துக்கொண்டாள்.

சஃப்ரில் சர்வரோடு ஒரு மெயில் கணக்கை இணைத்தான். கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தான். திரும்பவும் தப்பாக அடித்தான். முதல் மெயில் வெளியே போகாமல் வரிசையிலேயே நின்றது. அந்த இயந்திரத்திலிருந்து மெயில் போக ஃபயர்வால் விடவில்லை. அதில் வழி திறந்தான்.

ஹஸ்னியா தன் காப்பியை அவன் பக்கம் நகர்த்தினாள். "ஏன் தம்பி தப்புத் தப்பா அடிக்கிற? சாப்பிட்டியா இல்லையா?"

அவன் குடித்தான். என்ன குடிக்கிறோம் என்று பார்க்கவில்லை.

வக்கீல் எழுதிக் கொடுத்த வாசகத்தை தர்வின் மேசையில் வைத்தார். 'தங்கள் பயணி அடையாளம் காணப்பட்டுள்ளார். அடையாள அட்டையுடன் மருத்துவமனையின் பின்வாசலுக்கு வரவும்.'

"வருந்துகிறோம்னு ஒரு வார்த்தை?" என்றாள் ஹஸ்னியா.

"போட்டா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம்."

சஃப்ரில் அதை அப்படியே அடித்தான். பிறகு திரும்பாமலே கேட்டான். "உயிரோட கிடைச்சவங்களுக்கு சார்?"

"முந்தாநாளுக்கு அப்புறம் யாருப்பா உயிரோட கிடைச்சா? அந்த ஒண்ணு போதும்."

தர்வின் போனதும் அவன் இரண்டாவது வாசகத்தை எழுதினான். முதல் வாசகத்தை அடிக்க ஆன நேரத்தைவிட இதற்கு அதிகம் ஆனது. எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். 'உங்களவர் மீட்கப்பட்டார். நலமாக இருக்கிறார். அழைத்துப் போக வாருங்கள்.'

சோதனைக்கு அதைத்தான் அனுப்பினான், தன் முகவரிக்கே.

மேசைமேல் இருந்த கைப்பேசி அதிர்ந்தது.

படித்தான். திரை மங்கியது. தொட்டு வெளிச்சமாக்கி மறுபடி படித்தான்.

"வந்துடுச்சா தம்பி?"

"வந்துடுச்சுக்கா."

தரவை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து மெயில் அனுப்பும்படி நிரலை அமைத்தான். மணிக்கு ஒரு தடவை போதும், சர்வர் தாங்காது என்று அறைக்குள்ளிருந்தே சொன்னார் தர்வின். தாங்கும் சார் என்றான்.

மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. அங்கே நிலையை மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

ஓடவிடுவதற்கு முன் முகவரிகளில் பிழை இருக்கிறதா என்று ஹஸ்னியா பக்கத்துத் திரையில் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"உனக்கென்ன தம்பி, முடிச்சதும் வீட்டப் பாத்துப் போயிடுவ. நாளைக்கு இந்தச் சனங்க மூஞ்சியில நாங்கதான் முழிக்கணும்."



அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. "இங்க பாரு, சோதனைக்குப் போட்ட உன் மெயில் ஒரு புள்ளை பேருக்கு நேரா ஒட்டிக்கிட்டு நிக்குது. எடுத்துடவா?"

"வேண்டாங்க்கா."

"அந்தப் புள்ளை வீட்டுக்குப் போகாதே தம்பி, உனக்குத்தான வரும்."

"எனக்குத்தான் வரணும். என் பொண்ணுக்கு டிக்கெட் நான்தான் எடுத்தேன்." சஃப்ரில் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "லீவுக்கு அவங்கம்மாகிட்ட போறேன்னா. பெரியவளாயிட்டேன், தனியாப் போயிடுவேன்னா."

ஹஸ்னியாவின் கை விசைப்பலகையைவிட்டு விலகியது. பின்னால் ஒரு தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

சஃப்ரில் நிரலை ஓடவிட்டான்.

கேட்டுக்கு வெளியே ஒரு கைப்பேசி ஒலித்தது. அடுத்து இன்னொன்று. யாரோ ஒரு பெண் கத்துவது கேட்டது.

ஹஸ்னியா மெல்ல அவன் கைப்பேசியை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

அவன் அதை மறுபடி நிமிர்த்தி வைத்தான்.