மூன்றாவது கை

வேலியோரச் சிலந்திக்கும் குளத்தங்கரை நத்தைக்கும் கடிதப் போக்குவரத்து உண்டு. நம்பாதவர்கள் கட்டெறும்பைக் கேளுங்கள், தபால்காரர் அவர்தான். ஒரே தேக்கிலை போகும், வரும். நத்தை எச்சிலால் ஒரு கோடு இழுக்கும். சிலந்தி நூலால் இன்னொன்று சேர்க்கும். பார்த்தால் எழுத்து மாதிரி இருக்கும், எழுத்தில்லை. அர்த்தம் கேட்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம்.

ஒருநாள் இலையில் சேற்றால் ஒரு தடம் இருந்தது. முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று.

"அக்கா, இது யார் கை?" என்று சிலந்தியிடம் கேட்டது எறும்பு.

"அர்த்தம் கேட்காதீர் ஓய். புதுசாய் ஒருத்தர் சேர்ந்திருக்கிறார். என்ன வீச்சு!"

அடுத்த தபாலில் தடங்கள் ஐந்து. நத்தையின் கோடு பாதியில் நின்றிருந்தது.

சிலந்திக்கு உடம்பு சிலிர்த்தது. "ஆகா, இப்படி நிறுத்த எவ்வளவு துணிச்சல் வேண்டும்!"

"நத்தையாரின் ஓட்டைத் தட்டிப் பார்த்தேன், அக்கா. உள்ளே ஆளில்லை."

"எங்காவது வெளியூர் போயிருப்பார்."

பதில் கோடு போட நூலெடுத்துத் திரும்பினால் தடங்கள் ஆறு. ஆறாவதில் ஈரம் காயவில்லை.

"ஓய், ஆள் நேரிலேயே வந்துவிட்டார்!" என்று பூரித்துப்போனது சிலந்தி.

திரும்பிப் பார்த்தால் எறும்பைக் காணோம்.