சுவர் மட்டும்

பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் நிவாரணத்துக்கு மேசை போட்டிருக்கிறார்கள். சூறைக்காற்று விரட்டிக்கொண்டு வந்த காட்டுத்தீ தெருவையே தின்றுவிட்டுப் போயிருக்கிறது. ஜன்னல் வெயிலில் இன்னும் சாம்பல் மிதக்கிறது. “எரியிறதுக்கு முந்தி எடுத்த வீட்டுப் படம் ஒண்ணு வேணும்ண்ணே,” என்கிறாள் மேசைக்குப் பின்னால் இருக்கும் எழுத்தர் பெண். எதிரே நிற்கும் பெயின்டர் கைபேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டே போகிறார். அவர் வர்ணம் அடித்த ஊரார் வீடெல்லாம் பளபளவென்று வந்து போகின்றன. தன் வீட்டை ஒரு படம் எடுத்து வைக்க இந்த மனிதருக்குத் தோன்றியதே இல்லை. கடைசியில் ஒன்று அகப்படுகிறது. வாசல் கதவை எட்டிப் பிடித்தபடி, முன்பல் இல்லாமல் சிரிக்கிறாள் மகள். அவளுக்குப் பின்னால் மஞ்சள் சுவர். “ஆள் தெரிஞ்சா சிஸ்டம் ஏத்துக்காதுண்ணே. பாப்பாவ மட்டும் வெட்டிடறேன், பரவால்லயா?” புகை கொண்டுபோன பிள்ளை என்று எழுத்தர் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? “வெட்டிக்கம்மா,” என்கிறார், தரையைப் பார்த்துக்கொண்டு. பிரின்டர் முனகி முனகித் தாளைத் தள்ளுகிறது. மஞ்சள் சுவர், கதவு, கதவின் விளிம்பில் நான்கு சின்ன விரல்கள். “அய்யோ, விரல் விழுந்துருச்சே. வேற எடுக்கறேன்,” என்று அவள் தாளைக் கசக்கப் போகிறாள். பெயின்டர் அவசரமாகக் கையை நீட்டுகிறார். “இருக்கட்டும்மா. அதுவும் வீடுதான்.”