மச்சான் அனுப்பிய கூட்டம்

"ஒருவேளை ஆய்வுக்கு வர்ற மேடம் நம்ம ஆளுங்களைக் கூப்பிட்டுப் பேர் கேட்டா?"

"பேரைச் சொல்லுவாங்க. அவங்களுக்கு அப்பா அம்மா பேர் வைக்காமலா விட்டிருப்பாங்க?" என்றாள் மேலாளரின் மனைவி. ஏரிக்கரை டீக்கடையை அவள்தான் நடத்திவந்தாள்.

ஏரிக்கரைச் சுற்றுலாத் திட்டத்தின் மேலாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'ஒருவேளை சார்'. ஒருவேளை மழை பெய்தால், ஒருவேளை படகு மோட்டார் நின்றுபோனால், ஒருவேளை பறவைகள் வராவிட்டால் என்று நூற்றுப் பன்னிரண்டு ஆபத்துகளுக்குப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்று வழி எழுதி, அறைச் சுவரில் ஒட்டியிருந்தார். பட்டியலில் இல்லாததுதான் நடந்தது. படகுகள் ஓடின, பறவைகளும் வந்தன, மனிதர்கள்தான் வரவில்லை. வழியில் இருந்த பாலத்தைப் பழுதுபார்க்க மூடியதிலிருந்து ஒரு நாளைக்கு நாலு பேர் வந்தாலே பெரிய கூட்டம்.

இன்று தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார். இடம் காலியாகக் கிடந்தால் திட்டத்தையே இழுத்து மூடிவிடுவார்கள். படகோட்டிகள், தோட்டக்காரர்கள் என்று பதினாறு பேருக்கு வேலை போய்விடும். அதனால்தான் மேலாளர் மைத்துனனைப் பிடித்தார். தன்னோடு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள் நாற்பது பேரைக் குடும்பத்தோடு அனுப்புவதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். சுற்றுலாப் பயணிகளாக நடிக்க.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்க்கறீங்க. அதுவும் என் தம்பியை நம்பி" என்றாள் மனைவி.

பத்து மணிக்கே கூட்டம் வந்துவிட்டது. பஸ்ஸில் மொத்தமாக இறங்குவார்கள் என்று பார்த்தால் கார், வேன், பைக் என்று தனித்தனியாக வந்தார்கள். சந்தேகம் வரக்கூடாது என்று பிரித்து அனுப்பியிருக்கிறான், மூளைக்காரன்! மேலாளர் மனசுக்குள் மைத்துனனுக்கு மாலை போட்டார்.

ஆய்வாளரும் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே வந்து, கையில் நோட்டோடு சுற்ற ஆரம்பித்தார். மேலாளர் போனை ஊமையாக்கிப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

படகுத்துறையில் ஒரு சின்னப் பெண், இன்னொரு தடவை படகில் போகவேண்டும் என்று தரையில் புரண்டு அழுதுகொண்டிருந்தாள். ஆய்வாளர் நின்று ரசித்தார். மேலாளர் அந்தக் குழந்தையின் அம்மா காதருகே குனிந்தார்.

"பாப்பா பிரமாதம்மா! எத்தனை நாள் சொல்லிக் குடுத்தீங்க?"

"இதைச் சொல்லி வேற குடுக்கணுமா? பிறந்ததுலேருந்து இப்படித்தான் சார்!"

டீக்கடையில் வேறு நாடகம். வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர், டீ ஆறிப்போயிருக்கிறது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க சந்தோஷமா இருக்கணும். குறை சொல்லச் சொல்லி யார் சொன்னாங்க?" என்று மேலாளர் பல்லைக் கடித்தார்.

"யார் சொல்லணும்? என் டீ, என் வாய்!" என்ற பெரியவர், சூடாக இன்னொன்று வந்ததும் மூன்று பேருக்குச் சேர்த்து வாங்கிப் போனார்.

என்னமாய் நடிக்கிறார்கள்! ஒரு ஜோடி, பறவைக் கோபுரத்தை விட்டு இறங்கவே மாட்டேன் என்றது. பள்ளிப் பிள்ளைகள் நாரைகளை எண்ணுவதில் சண்டை போட்டார்கள். படகோட்டிகளுக்கு உட்கார நேரமில்லை. ஆறு மாதமாக மேலாளர் கனவில் பார்த்த ஏரிக்கரை இதுதான். இது நிஜமாக இருந்திருக்கக் கூடாதா?

மதியம் ஆய்வாளர் அலுவலக அறையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"இந்தப் பாலத்தை வெச்சுக்கிட்டு நீங்க தாக்குப்பிடிச்சதே பெரிசு. இருபது குடில் கட்ட நான் சிபாரிசு பண்றேன். அக்கம்பக்கத்துக்காரங்களும் இதை நம்பிக் கடை போடுவாங்க."

மேலாளர் சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு ஆபத்துகளையும்விடப் பெரிய ஆபத்து தான்தான் என்று தோன்றியது.

"மேடம், எழுதாதீங்க."

"ஏன்?"

"வந்திருக்கறவங்க யாரும் நிஜப் பயணிகள் இல்ல. என் மச்சானோட கம்பெனி ஆளுங்க. நான்தான் நடிக்க வரவழைச்சேன்."

ஆய்வாளர் பேனாவை மூடினார். சிரிப்பும் அதோடு மூடிக்கொண்டது.

"என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும் மேடம். என் வேலை போகும். போகட்டும். நான் சேர்த்த கூட்டத்தை நம்பி நாலு பேர் கடை போட்டு ஈ ஓட்டினா, அந்தப் பாவத்தை எங்க போய்க் கழுவறது?"

சொல்லி முடித்ததும் அவருக்குத் தலையிலிருந்த மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது. ஆய்வாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மனைவி தன் போனைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"உங்க போனை எடுக்கவே மாட்டேங்கறீங்களாம்! இவன் என்ன சொல்றான்னு கேளுங்க!"

ஸ்பீக்கரில் மைத்துனன் அழாத குறையாகப் பேசினான்.

"மாமா, கோச்சுக்காதீங்க. அவசர ஆர்டர்னு முதலாளி லீவையெல்லாம் ரத்து பண்ணிட்டார். காலையிலேருந்து ஒருத்தரையும் கேட்டைத் தாண்ட விடலை. இன்னிக்கு நாங்க யாருமே அங்க வரலை மாமா!"

அறையில் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆய்வாளர்தான் முதலில் சிரித்தார்.

"பாலத்தை நேத்து சாயங்காலமே திறந்துட்டாங்க சார். நான் அது மேலதான் வந்தேன்" என்றபடி பேனாவை மறுபடி திறந்தார்.

மேலாளர் ஜன்னல் வழியாகப் படகுத்துறையை எட்டிப் பார்த்தார். அங்கே அடுத்த படகுக்கு முண்டியடித்துக்கொண்டு நின்ற அத்தனை பேரும், யாரும் கூப்பிடாமல் தாங்களாகவே ஏரி பார்க்க வந்தவர்கள்.