சிவப்புப் பஞ்சு

வேலம்பாளையத்து வீட்டில், மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் படுக்கப் போட்டிருக்கிறது. டிவியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரும் நாகஜோதி, கதாநாயகி அழுவதற்கு முன்பே மூக்கை உறிஞ்சிக்கொள்கிறாள். அத்தனை முறை பார்த்த படம். மடியில் ரித்தீஷ் தூங்குகிறான். காலடியில் காய்கறிப் பையும் இருமல் மருந்தும் கிடக்கின்றன. தாங்கள் நடத்தும் பனியன் கம்பெனியிலிருந்து சொல்லாமல் வந்து நிற்கிறாள் அவன் அம்மா சுபஸ்ரீ. மகனை அள்ளித் தோளில் சாய்த்து, முத்தமிட்டு, மறுபடி மடியில் விடுகிறாள். அப்போதுதான் அவன் முடியில் ஒட்டியிருக்கும் சிவப்புப் பஞ்சு கண்ணில் படுகிறது. இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறாள்.

“ஏனுங்க நாகஜோதி, மண்ணரையில உங்க ஊட்டுக்காரரு வேலை செய்யற பனியன் கம்பெனிக்குப் பையனைக் கூட்டிட்டுப் போனீங்களா?” குரலில் மரியாதை குறையவில்லை. கண்தான் நாகஜோதியின் சேலையை முந்தானையிலிருந்து கொசுவம்வரை துழாவுகிறது.

“இல்லக்கா. மருந்துக்கடைக்கும் காய்கறிக்கடைக்கும் போயிட்டு நேரா வந்துட்டோம்.”

“அப்பறம் இது எங்கிருந்து வந்துச்சுங்க?”

நாகஜோதி எட்டி, சுபஸ்ரீயின் காதோரத்திலிருந்து அதே சிவப்பில் ஒரு பஞ்சை எடுத்துக் காட்டுகிறாள். தோளில் இன்னும் இருக்கிறது, புருவத்திலும். காலை முழுக்கச் சிவப்புத் துணி வெட்டும் மேசையருகே நின்றுவிட்டு வந்தவள் சுபஸ்ரீதான். துப்பட்டாவை உதறிக்கொள்கிறாள். டிவிக்குப் பின்னால் போய் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள்.

“இதை எப்பப் போட்டீங்க? இந்தச் சூடு சுடுது.”