இரவல் குரல்

“அந்த அத்தியாயம் இருந்தா புத்தகமே வேண்டாம்” என்றார் நடிகர். நேரில் அவருக்குக் கீச்சுக் குரல். திரையில்தான் கர்ஜனை.

அந்த வித்தியாசத்தைத்தான் துருவி எழுதியிருந்தாள். ‘துருவி’ என்பது பத்திரிகை அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். பிரபலங்களின் வாழ்க்கை வரலாறு எழுதுவது தொழில். யாரையும் சும்மா விட்டதில்லை.

“உங்களுக்குக் குரல் கொடுக்கிறது ஒரு டப்பிங் கலைஞர்னு படக் கம்பெனி ஆளுங்களே சொல்றாங்க. அவரை இத்தனை வருஷமா இருட்டுல வெச்சிருக்கீங்க. இல்லைன்னு சொல்லுங்க, எடுத்துடறேன்.”

நடிகர் இல்லை என்று சொல்லவில்லை. “எடுத்துடுங்கம்மா” என்றார் மறுபடியும்.

காரில் திரும்பி வரும்போது, கூட வந்திருந்த பதிப்பாளர் புலம்பித் தீர்த்தார். “உனக்கு எதுக்கும்மா வீண் வம்பு? அவர் சம்மதம் இல்லாம புத்தகம் வராது. ஒரு வருஷ உழைப்பு பாழாப் போயிடும்.”

“போகட்டும் சார். அடுத்தவர் தொண்டையில கைதட்டல் வாங்கறவருக்கு நான் பூசி மெழுக மாட்டேன். அந்தக் கலைஞர் வாயாலேயே சொல்ல வைக்கிறேன், பாருங்க.”

மறுநாளே டப்பிங் கலைஞர் வீட்டு வாசலில் நின்றாள். கதவைத் திறந்த அவர் மனைவிக்கு விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது.

கலைஞர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துண்டு. தலையை அசைத்தாரே தவிர, பேசவில்லை.

“பயப்படாதீங்க சார். உங்க பேர் வெளிய வரணும்னுதான் மல்லுக்கட்டிட்டு இருக்கேன். போன மாசம் வந்த படத்துல அந்தக் கோர்ட்டு சீன்ல என்னமா பேசியிருக்கீங்க. ஊரே அவரைக் கொண்டாடுது. இது நியாயமா?”

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் மெல்லத் துண்டை விலக்கினாள். தொண்டைக்குழியில் ஒரு துளை இருந்தது.

“குரல்வளையையே எடுத்துட்டாங்கம்மா. மூணு வருஷமாச்சு.”

துருவி கையிலிருந்த பேனாவை மூடினாள்.

“அப்போ அந்தக் கோர்ட்டு சீன்ல பேசினது யாரு?”

“அந்த நடிகரேதாம்மா. இவர் எதிர்ல உட்கார்ந்து கையைக் காட்டிக் காட்டிச் சொல்லிக் கொடுக்க, தொண்டை கட்டிப் போற வரைக்கும் பேசிப் பேசி அப்படியே இவர் குரலைப் பிடிச்சுட்டார். இப்பவும் இவரையும் உள்ள கூட்டிட்டுப் போய், டப்பிங் அறைக் கதவைச் சாத்திக்கிட்டு அவரே பேசிட்டு, வெளிய வந்து கம்பெனிக்காரங்ககிட்ட ‘அண்ணன் பிரமாதமாப் பேசிட்டார்’னு சொல்லித்தான் இவர் வேலையைக் காப்பாத்திட்டு இருக்கார்.”