கோடு போட்ட டம்ளர்

கணவனுடைய டம்ளரைக் கையில் பிடித்தபடி வார்டு வாசலிலேயே நின்றுவிட்டாள் அவள்.

அடியில் ஆணியால் கீறிய கோடு. மற்ற டம்ளர்களோடு கலந்துவிடக் கூடாதென்று அவளே கீறியது.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். நுரையீரலிலிருந்து எடுத்த நீரைப் பெங்களூருக்கு அனுப்பி, அதிலிருந்த மரபணுவையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்துப் பார்த்துவிட்டார்களாம்.

"டிபி இல்லம்மா. காய்ஞ்ச புறா எச்சத்துல இருக்கற ஒரு பூஞ்சை. ஆளுக்கு ஆள் ஒட்டாது."

புறா.

போன வருஷம் சளியில் எதுவும் பிடிபடவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்து, டிபியாகத்தான் இருக்கும் என்று வேறொரு இடத்தில் மாத்திரை கொடுத்தார்கள்.

அன்றைக்கே அவன் கட்டிலை மொட்டை மாடிக்கு ஏற்றினாள். வீட்டில் தவழ்கிற பிள்ளை. பெற்ற வயிறு பதறாதா?

மாடியில் ஏது இடம்? அவனுடைய பந்தயப் புறாக்களின் கூண்டை ஒட்டித்தான் கட்டில் விழுந்தது.

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. மேல்படியில் சாப்பாட்டை வைத்துவிட்டு அவள் இறங்கிய பிறகுதான் வந்து எடுப்பான். குழந்தை பிரின்ஸி நடக்கக் கற்றுக்கொண்டு, "அப்பா" என்று படியேறப் பார்த்தால், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அவனே விரட்டுவான். பிறகு நெடுநேரம் இருமுவது கீழே கேட்கும்.

"இனிமே சரியான மருந்து போடுவோம். ஆனா நுரையீரல் ரொம்பக் கெட்டுப்போயிருக்கு. மனசைத் தேத்திக்குங்க" என்றார் டாக்டரம்மா.

கொண்டுபோய் அங்கே போட்டவள் நான்தானே. அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

உள்ளே போனாள். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அவன் கண்ணைத் திறந்தான்.

"புறாங்களுக்குத் தண்ணி வச்சியா?"

தலையாட்டினாள்.

"அதுங்க மட்டும் இல்லன்னா... அந்த மாடியில எனக்குப் பைத்தியமே புடிச்சிருக்கும்."

அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.

அவனைத் தாங்கிப் பிடித்து டம்ளரை உதட்டில் வைத்தாள். இரண்டு மடக்கு குடித்தான். போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மீதித் தண்ணீரோடு டம்ளரை அவள் தன் வாயில் வைத்தாள்.

அவன் பதறிப்போனான். ஊசி ஏறிய கை எழுந்து அவளைத் தடுக்கப் பார்த்தது. எட்டாமல் மெத்தையில் விழுந்தது.

"ஏய்... வேணாண்டி. வீட்ல புள்ள இருக்கு."

அவள் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.