ஸ்டாண்டு சொன்னவர்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இன்று காலை திருச்சி புத்தூர் நாலுரோட்டுக்குச் சற்று முன்னால் ஓர் உயிர் காப்பாற்றப்பட்டது.

காப்பாற்றியவர் அவர்.

"சார்! ஸ்டாண்டு! ஸ்டாண்டு!"

முன்னால் பைக்கில் போன கறுப்பு ஹெல்மெட் குனியவில்லை. திரும்பவில்லை. குதிகாலால் பின்னுக்கு ஒரு தட்டு. சைடு ஸ்டாண்டு மடங்கியது. வண்டி போய்க்கொண்டே இருந்தது.

அவ்வளவுதான்.

அவர் காத்திருந்தார். ஒரு கைதூக்கல். ஒரு தலையாட்டல். ஹாரனைச் சும்மா ஒரு அழுத்து அழுத்தியிருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்பார். பேராசைக்காரர் அல்ல.

ஒன்றும் வரவில்லை.

"பாத்தியா?" என்றார் பின்னால் திரும்பி.

பின்னால் மனைவி. மடியில் அவருடைய சாப்பாட்டுப் பை. குழம்பு டப்பா சாயாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அதான் எடுத்துட்டாருல்ல. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

கண்டோன்மென்ட்டுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. ஹெல்மெட் நேராகப் போனது.

அவரும் நேராகப் போனார்.

"ஏங்க, எங்க போறீங்க? என் ஆபீஸு அந்தப் பக்கம்!"

"இரு."

"இன்னிக்கும் லேட்டா போய் விரல் வெச்சா அரை நாள் லீவு போட்டுருவாங்க."

"இவனுங்களுக்கெல்லாம் மரியாதைன்னா என்னன்னு யாராவது சொல்லித்தரணும்ல?"

முறுக்கினார். ஒரு ஷேர் ஆட்டோ ஒதுங்கி வழிவிட்டது. கடந்தார். குப்பை வண்டி தள்ளிவந்த பெண் அவருக்காக இழுத்துப் பிடித்து நின்றாள். கடந்தார். கண் ஹெல்மெட்டின் மேலேயே இருந்தது.

அடுத்த சிக்னலில் பிடித்துவிட்டார்.

வண்டியைப் பக்கத்தில் ஒட்டினார். தொண்டையைச் செருமினார்.

"சார்."

ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கியது.

"ஸ்டாண்டு சொன்னது நான்தான்."

"எந்த ஸ்டாண்டு?"

"உங்க ஸ்டாண்டுதான் சார். நாலுரோட்டுகிட்ட."

ஹெல்மெட் இப்போதுதான் குனிந்து பார்த்தது.

"எடுத்துதான் சார் இருக்கு."

பச்சை விழுந்தது. கண்ணாடி இறங்கியது. உயிர் காப்பாற்றப்பட்டவர் போய்விட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் பேசினார். போன வாரம் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. கல்யாணப் பந்தியில் பிடித்த இடத்தை ஒரு குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பாயசம் இல்லாத பந்தியில் உட்கார்ந்தது. எதிர்வீட்டுக்காரனுக்குக் கொடுத்த ஏணி. எவன் வாயிலிருந்தாவது ஒரு வார்த்தை?

அவள் பை சாயாமல் பார்த்துக்கொண்டாள்.

அவள் அலுவலக வாசலுக்கு வந்தபோது பேச்சு உச்சத்தில் இருந்தது. கை வேறு தேவைப்பட்டது. ஸ்டாண்டைத் தட்டிப் போட்டுவிட்டு இறங்கி நின்று, இரண்டு கையையும் வீசிப் பேசினார்.

"ஒரு தேங்க்ஸ். சொன்னா பல்லா கொட்டிப்போயிரும்? எல்லாம் வளர்ப்பு. வீட்டுல பழக்கியிருக்கணும்."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கைரேகை மெஷின் இருந்தது. அதற்கு மேலே கடிகாரம். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அரை நாள் போயிற்று.

சாப்பாட்டுப் பையை வண்டிக் கொக்கியில் மாட்டினாள். டப்பா நிமிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

"மோர் மிளகாய் தனியா வெச்சிருக்கேன்."

"ம்."

ஏறி உட்கார்ந்தார். கிளப்பினார். கிளம்பினார்.

ஸ்டாண்டு கீழேயே இருந்தது.

அவள் வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

படியேறினாள்.

ரோட்டில் யாராவது சொல்வார்கள்.